விடுபட்ட ஒற்றும் விடாத வயிறும்

எழுத்து என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் போதும், அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் அந்தப் பெரியவரின் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனா தானாக எழுந்து வந்துவிடும். பேருந்துச் சீட்டு, சோப்பு உறை, மின்கட்டண ரசீது என்று எதுவும் அவரிடம் தப்பியதில்லை. வல்லினம் மிக வேண்டிய இடத்தில் மிகாமல் இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. ஆகவே அச்சகத்தார் அவருக்கு இட்ட பெயர் ‘ஒற்று அண்ணன்’.

இரண்டு மாதங்களுக்கு முன் காகிதக் கிடங்கின் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். மருத்துவமனையில் கொடுத்த, அபின் வகையைச் சேர்ந்த ஓபியாய்டு மாத்திரை வலியை மட்டுமா அடக்கியது? குடலையும் சேர்த்து அடக்கிவிட்டது. வயிறு கல்லாகிப் போனது. பேதிப் பொடியும் பலிக்கவில்லை. கடைசியில், வலி மாத்திரையால் வரும் மலச்சிக்கலுக்கென்றே உள்ள புதிய மாத்திரை ஒன்றை மருத்துவர் எழுதித் தந்தார். கூடவே ஒரு குறிப்புத் தாளும் வந்தது.

அவரைப் பார்த்துக்கொள்ள வந்து தங்கியிருந்தவர் மனைவியின் தம்பி. பல ஆண்டுகள் பிறர் அடுப்படியில் வெந்த சமையல்காரர். வரும் திங்கட்கிழமை சொந்தமாகச் சூப் கடை திறக்கவிருந்தார். கடைச் சாவி கைக்கு வந்துவிட்டது. பூசணி சூப்தான் கடையின் முதல் சரக்கு. ருசி பார்த்துச் சொல்பவர் அத்தான்.

புதிய மாத்திரை தொடங்கிய இரண்டாம் நாள் காலை, சூப் கிண்ணத்தைக் கீழே வைத்த சற்று நேரத்தில் வயிறு முறுக்கியது. பிறகு மடை திறந்தது.

“மச்சான், வழிய விடு!”

“மெதுவா அத்தான்! ஊன்றுகோலை விட்டுட்டுப் போறீங்க!”

இரண்டு மாதமாக ஆமையாய் நடந்தவர் அன்று முயலாய்ப் பறந்தார். ஆறாவது முறை வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது. வாய் மட்டும் வெளுக்கவில்லை.

“எல்லாம் உன் சூப்புதான். கடைப் பலகையில ‘கழிவறை வசதி உண்டு’ன்னு சேர்த்து எழுதிடு. வர்றவங்க வரிசையில நிப்பாங்க.”

எதற்கும் பதிலுக்குப் பதில் கொடுக்கும் மைத்துனர் அன்று அடுப்பை அணைத்தார்.

“உங்க நாக்கு பொய் சொல்லாது அத்தான். கடை வேணாம். சாவியைத் திருப்பிக் குடுத்துட்டு வந்துடறேன்” என்று சட்டை மாற்றப் போனார்.

தம்பியின் முகத்தைப் பார்த்த அக்காவுக்குப் பொறுக்கவில்லை. மருத்துவமனையின் மருந்தாளரைத் தொலைபேசியில் பிடித்தார்.

“காய்ச்சல், ரத்தம், தாங்க முடியாத வலி ஏதாவது இருக்காம்மா?”

“அதெல்லாம் இல்ல. ஓட்டம் மட்டும்தான்.”

“பழைய பேதிப் பொடியை நிறுத்திட்டாருல்ல?”

மனைவி கணவரைப் பார்த்தார். கணவர் கூரையைப் பார்த்தார்.

“ராத்திரி ரெண்டு ஸ்பூன்தான். ஒரு பூட்டுக்கு ரெண்டு சாவி இருந்தா நல்லதுதானே?”

“ரெண்டு சாவியும் போட்டுக் கதவே கழன்றுடுச்சு!” என்று சிரித்தார் மருந்தாளர். “அந்த மாத்திரைக்கே முதல் சில நாள் வயித்து வலி, வாயு, பேதி எல்லாம் வரலாம். பொடியும் சேர்ந்தா கேட்கணுமா? பொடியை உடனே நிறுத்துங்க, தண்ணி நிறையக் குடுங்க. வலி கூடினா நேரா இங்க வந்துடுங்க. தாள்லயே எழுதியிருக்கேம்மா, படிக்கலையா?”

மனைவி அந்தத் தாளைத் தேடி எடுத்தார். தாள் முழுக்கச் சிவப்பு. ‘பழைய மலமிளக்கிகளை நிறுத்தி விட்டு மாத்திரையை தொடங்கவும்’ என்ற வரியில், பிரிந்து நின்ற ‘நிறுத்திவிட்டு’ சேர்க்கப்பட்டிருந்தது. ‘மாத்திரையை’க்குப் பின் ஒரு ‘த்’ ஏறியிருந்தது. பக்கவிளைவுகளின் கீழே ‘வயிற்று போக்கு’க்கும் ‘ப்’ கிடைத்திருந்தது.

“ஏங்க, இதைப் படிச்சீங்களா, திருத்தினீங்களா?”

கிளையில் இருந்த ஓட்டைகளை எண்ணிக்கொண்டிருந்த மரங்கொத்தி ஒன்று, அடியில் யாரோ மரத்தையே அறுத்துக்கொண்டிருந்ததைக் கவனிக்கவில்லையாம். அந்த மரங்கொத்தியின் நிலையில் இருந்தார் ஒற்று அண்ணன். ஊரார் பிழைக்கெல்லாம் சிவப்பு மை செலவழித்தவர், முதன்முறையாகத் தம் பிழையைத் திருத்தக் குறிப்பேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினார்.

மைத்துனர் சாவியோடு வாசலுக்கு வந்தபோது, அங்கே ஊன்றுகோலைப் பிடித்தபடி அத்தான் நின்றிருந்தார். தாளை நீட்டினார்.

‘பிழை திருத்தம்: இன்று காலை “உன் சூப்பு” என்று சொல்லப்பட்ட இடத்தில் “என் அசட்டை” என்று திருத்தி வாசிக்க. வயிற்று போக்குக்கும் பூசணிக்கும் எத்தொடர்பும் இல்லை. சூப்பில் பிழை ஏதும் காணப்படவில்லை.’

மைத்துனர் இரண்டு முறை படித்தார்.

“அத்தான், ‘வயிற்று’க்கு அப்புறம் ஒரு ‘ப்’ விட்டுட்டீங்க.”

பெரியவர் தாளை வாங்கிப் பார்த்தார். உண்மைதான். மனைவிக்குக்கூட இரவல் தராத சிவப்புப் பேனாவைப் பையிலிருந்து உருவி, மைத்துனரின் கையில் வைத்து அழுத்தினார்.

“நீயே போடு மச்சான். திங்கட்கிழமை உன் கடை வாசல்ல இந்தத் தாளை நானே எல்லாருக்கும் படிச்சுக் காட்டிட்டு, முதல் கிண்ணம் குடிக்கிறேன்.”

மைத்துனர் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, தாளைச் சுவரில் வைத்து, அந்த ஒற்றெழுத்தைப் பொறுமையாக எழுதினார்.