பக்கத்து இடம்

தேசப்பனுக்குச் சாவதில் பயமில்லை. வேறு கல்லறைத் தோட்டத்தில் புதைத்துவிடுவார்களே என்றுதான் பயம்.

திருவொற்றியூரில் அடுத்தடுத்த தெருவில் இரண்டு கோயில்கள். அவருடையது லுத்தரன் சபை. கைக்குழந்தை தலையில் தண்ணீர் தெளித்தாலே ஞானஸ்நானம். மனைவி தேவகிருபையுடையது பாப்டிஸ்ட் சபை. வளர்ந்த பிறகு முழுசாக முங்கி எழவேண்டும். கல்யாணமாகியும் இருவரும் அவரவர் கோயிலை விடவில்லை. போன வருஷம் தேவகிருபை இறந்து, தன் சபைத் தோட்டத்தில் அடக்கமானாள். அங்கே அங்கத்தினர்களுக்கு மட்டும்தான் இடம். தேசப்பன் அங்கத்தினராக வேண்டுமென்றால் இந்த வயதில் மறுபடி முங்கவேண்டும். ஒருதரம் ஆனது ஆனதுதான் என்று மறுத்துவிட்டார். வீம்பென்றால் அப்படி ஒரு வீம்பு.

இரண்டு சபையையும் ஒன்றாக்கலாம் என்று பேச்சு வந்ததோ இல்லையோ, மனிதர் வீடு வீடாக ஏறி இறங்கினார். போன இடமெல்லாம் ஐக்கியத்தைப் பற்றி வேத வசனம்தான்.

கூட்டுக் கூட்டத்தில் பாப்டிஸ்ட் மூப்பர் ரகுபதி முட்டுக்கட்டை போட்டார். "ஒண்ணா சேர்றது நல்லதுதான். ஆனா தெளிச்சிக்கினவங்கல்லாம் முங்கி எயுந்து வரட்டும்."

சச்சரவு முற்றியது. தலைமை தாங்கிய போதகர் அஜின் ஐயர் களைத்துப்போய், "அப்போ இன்னொரு வருஷம் பார்க்கலாம்" என்று எழுந்தார்.

இன்னொரு வருஷமா! தேசப்பன் துள்ளி எழுந்து கத்தினார்.

"வசனமும் வேணா, ஒரு மண்ணும் வேணா ஐயரே! என் பொண்டாட்டி பக்கத்துல என்னைப் பொதைக்கணும். அதுக்குத்தான் நாயா சுத்திகினு கீறேன்!"

முதலில் சிரித்தவர் ரகுபதிதான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். சின்ன வயதில் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்தவள் தேவகிருபை.

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா நைனா? வசனமா சொல்லி பேஜார் பண்ணிட்டியே! தண்ணிக் கணக்க ஆண்டவர் பாத்துக்குவாரு. ரெண்டு ஞானஸ்நானமும் செல்லும்னு எயுதுங்க ஐயரே" என்று கையைத் தூக்கினார். அவர் கை ஏறியதும் மற்றக் கைகளும் ஏறின. சபை ஒன்றாயிற்று, தோட்டமும் பொதுவாயிற்று.

தேசப்பனுக்கு மார்பிலிருந்து பாறாங்கல் இறங்கிய மாதிரி இருந்தது. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் நேரே தோட்டத்துக்குப் போனார். தேவகிருபையின் கல்லறையை ஒட்டி வெறுந்தரையில் உட்கார்ந்து, அந்த மண்ணைத் தட்டிப் பார்த்தார்.

"கொஞ்சம் நவுந்து படு, கிருபை" என்றார். "அவசரமில்ல. மெதுவா வரேன்."