வில்ஃப் முறுக்கிய திருகாணி

டெஸ்மண்ட் க்ரௌடரின் நிலத்துக்குள் வில்ஃப் லெகேட் கால் வைக்கக் கூடாது. எங்கள் ஊரில் பால்காரர் முதல் பாதிரியார் வரை எல்லாருக்கும் தெரிந்த சட்டம் அது. ஐம்பது வருஷத்துக்கு மேல் யாரும் அதை மாற்றவில்லை.

காரணமும் எல்லாருக்கும் தெரியும். 1962-ல் வில்ஃபுக்கு இருபது வயது, அந்தப் பண்ணையில் மாடு பார்த்துக்கொண்டிருந்தான். பொலிகாளைக்குப் புது மூக்கு வளையம் போட்டது அவன்தான். இரண்டு அரைவட்டம், ஒரு பக்கம் கீல், மறு பக்கம் கம்மலுக்கு இருப்பதுபோல ஒரு சின்னத் திருகாணி. நாலாம் நாள் காளையை மேய்ச்சலுக்கு நடத்திப் போகும்போது வளையம் மூக்கை விட்டுக் கழன்று எங்கோ தெறித்தது. வளையத்தில் மாட்டியிருந்த கம்பு மட்டும் வில்ஃப் கையில். கேட்டைத் திறக்க முன்னால் போன பெரிய க்ரௌடரைக் காளை சுவரோடு சேர்த்து நசுக்கிவிட்டது. அவர் டெஸ்மண்டின் அப்பா. டெஸ்மண்டுக்கு அப்போது பதினான்கு வயது.

“நல்லா முறுக்கினேன். வளையந்தான் உடைஞ்சுது” என்று வில்ஃப் சொன்னான். இரண்டு நாள் தேடினார்கள், வளையம் கிடைக்கவில்லை. கிடைக்காத வளையத்தை யார் நம்புவார்கள்? திருகாணியை முறுக்காத சோம்பேறி என்று ஊர் அவனுக்குப் பெயர் வைத்தது. அதன் பிறகு ஆயுசு முழுக்க ரோடு போடும் வேலை பார்த்தான். அவனுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். ‘முறுக்கினாய்’ என்று டெஸ்மண்ட் தன் வாயால் சொல்ல வேண்டும்.

இதெல்லாம் நான் இந்த ஊருக்கு வருமுன் நடந்தது. நான் கிரிம்ஸ்பி துறைமுகத்தில் பிறந்தவள். மீனைத் தெரியும், மாட்டைத் தெரியாது. பள்ளிச் சமையலறை வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் பொழுது போகாமல், மண்ணுக்குள் உலோகம் இருந்தால் சத்தம் போடும் டிடெக்டர் ஒன்று வாங்கி, அப்படித் தேடுகிறவர்களின் சங்கத்தில் சேர்ந்து, அறுவடை முடிந்த வயல்களில் அலைய ஆரம்பித்தேன். ஞாயிறுதோறும் டெஸ்மண்டின் பீட்ரூட் வயல்.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கிடைத்ததில் நல்லதை மட்டும் துடைத்து, பஞ்சில் வைத்து, பொழுது சாயும்போது நிலத்துக்காரரிடம் காட்டுவோம். வெள்ளிக் காசு, கொக்கி, பொத்தான், இப்படி. மற்ற துருவும் நசுங்கலும் குப்பைப் பைக்குள் போகும். குப்பையை யாரும் காட்டுவதில்லை. காட்டினால் மரியாதையில்லை என்றுகூட நினைப்போம்.

வில்ஃப் ஞாயிறுதோறும் ரோட்டோரக் கேட்டுக்கு வெளியே வந்து நிற்பார். எழுபது தாண்டிய மனுஷர், தொப்பியைக் கழற்றாமல், கேட்டின் மேல்கம்பியில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு.

“என்ன தாயி, இன்னிக்கு என்ன மாட்டுச்சு?”

நான் பஞ்சுப் பெட்டியைத் திறந்து காட்டுவேன்.

“ராணி தலை போட்ட காசு. அழகா இருக்கு” என்பார். பார்வை காசில் நிற்காது, என் இடுப்பில் தொங்கும் குப்பைப் பைக்குப் போகும். ஒரு தடவை கேட்டார். “செம்புல, பித்தளையில வளைஞ்ச கிளைஞ்ச துண்டு ஏதாச்சும் கெடைக்குமா?”

“வளைஞ்சதா? அதான் டப்பா டப்பாவா கெடக்கே! அதெல்லாம் யாருக்கு வேணும் வில்ஃப்?”

“ஆமா” என்று சிரித்தார். “யாருக்கு வேணும்.”

எனக்கு அவர் கதை தெரியும். வளையம் தொலைந்ததும் தெரியும். ஆனால் வளையம் என்றால் என் மனத்தில் வட்டம். ஒரு அக்டோபரில் மண்ணிலிருந்து நான் எடுத்ததோ கொக்கி மாதிரி கோணலாக, நடுவில் ஒரு புடைப்போடு, ஒரு விரல் நீளத்துக்கு இருந்த பச்சை படிந்த செம்பு. அதைப் பைக்குள் போட்டேன். வீட்டுக் கொட்டகையில் ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் கொட்டினேன். வளைந்த துண்டு உண்டா என்று அவர் கேட்டது, நான் அதை எடுத்த ஞாயிறா, அதற்கு அடுத்ததா? எவ்வளவோ யோசித்துவிட்டேன் கண்ணுகளா, நினைவு வரவில்லை. அந்த ஞாயிறாக இருந்தால் அவர் கைக்கும் அதற்கும் நடுவில் ஒரு துணிப்பைதான்.

எட்டு வருஷம் ஓடிவிட்டது. போன நவம்பரில், தங்கள் நிலத்தில் தேட விட்டவர்களுக்கு எங்கள் சங்கம் தேநீர் விருந்து வைத்தது. கூட்டம் சிரிக்கட்டும் என்று, ஆளுக்கொரு பெயர் தெரியாத பொருளைக் கொண்டுவந்து மேஜையில் வைக்கச் சொன்னார்கள். டப்பாவைக் கிளறி நான் அந்தக் கோணல் செம்பை எடுத்துப்போனேன்.

“வைக்கிங் காப்பு இது” என்றான் எங்கள் சங்கத்து டெரன்ஸ். “போட்டிருந்தவ கை முறிஞ்சிருக்கும், அதான் கோணிக்கிச்சு.”

“சும்மா இரு. கோக் டின் மூடிய ரோமாபுரிக் காசுன்னவன்தான நீ?” என்றாள் மொய்ரா. “இது சவப்பெட்டிக் கைப்பிடி.”

“இத்தனூண்டு கைப்பிடியா? உள்ள யாரு, எலியா?”

எல்லாரும் சிரித்தோம். டெஸ்மண்ட் தட்டில் பாலாடைக்கட்டியும் பிளம் ரொட்டியுமாக அந்தப் பக்கம் வந்தார். தட்டைக் கீழே வைத்துவிட்டு அந்தச் செம்பைக் கையில் எடுத்தார். மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

“இதுல கீல் இருந்திருக்கு” என்றார். “இந்த முனை பாரு. கீலு விட்டுப் போயிருக்கு.”

நடுப் புடைப்பைக் கட்டைவிரலால் தேய்த்தார். இரண்டு பாதியும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து கவ்வியிருந்த இடம் அது. அதற்குள் திருகாணி இருந்தது. அதற்குமேல் முறுக்க இடமில்லை என்னும் அளவுக்கு இறுகினால்தான் அதன் தலை ஒடியுமாம்.

“அரம் போட்டிருக்கான்” என்றார் டெஸ்மண்ட். “தலைய ஒடிச்சு அரமும் போட்டிருக்கான். மாட்டுக்கு மூக்கு உறுத்தக் கூடாதுன்னு.”

டெரன்ஸ் சிரிப்பை நிறுத்தினான்.

“வளையத்த வாங்கினது எங்கப்பா. சந்தையில மட்டமா ஒண்ணப் புடிச்சுட்டு வந்தாரு. அம்மா அப்பவே திட்டுச்சு.” பிறகு என்னைப் பார்த்தார். “எங்க கெடைச்சுது மேவிஸ்?”

“உங்க வயல்லதான்.”

“வயல்ல எங்க? கேட்டுப் பக்கமா?”

என்னால் சொல்ல முடியவில்லை. காசு கிடைத்தால் இடம், ஆழம், தேதி எல்லாம் எழுதி வைப்பேன். குப்பைக்கு யார் எழுதுவார்கள்?

“எப்பக் கெடைச்சுது?”

அதைச் சொல்ல முடிந்தது. அதுதான் சொல்ல முடியாததாக இருந்தது. எட்டு வருஷம். வில்ஃப் போய் மூன்று குளிர்காலம்தான் ஆகிறது. ஐந்து வருஷம் அவர் இரண்டு தெரு தள்ளி உயிரோடு இருந்தபோது இது என் கொட்டகையில் கிடந்திருக்கிறது.

வில்ஃபின் மகள் கிளெனிஸ் அதே வீட்டில்தான் இருக்கிறாள். மறுநாள் காலை டெஸ்மண்ட் தன் வண்டியில் என்னை ஏற்றிக்கொண்டு போனார். வீட்டு முன் நிறுத்திவிட்டு, “நீ முதல்ல போ. அவ கூப்பிட்டா நானும் வந்து சொல்றேன்” என்றார்.

வளையத்தை நான் சுற்றிக் கொண்டுபோன கைக்குட்டையைக் கிளெனிஸ் பிரித்துப் பார்த்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், ஐஸ்கிரீம் டப்பா வரைக்கும். திருகாணியின் மேல் விரலை வைத்து, குருடர் தடவுவதுபோல மெல்லத் தடவினாள்.

“அவரு என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, கிளெனிஸ். இன்னதுதான் தேடறேன்னு.”

“ஐம்பது வருஷமா வாய் வலிக்கச் சொன்னவருதான். சிரிச்சாங்க. அப்புறம் வளையம்ங்கிற வார்த்தையவே விட்டுட்டாரு.” கைக்குட்டையை மறுபடி மடித்தாள். “ஞாயித்துக்கிழம ஆனா தொப்பியத் தேடுவாரு. மழைன்னாலும் விடமாட்டாரு. ஏம்ப்பா, அங்க போய் நின்னு என்ன ஆகப்போகுதுன்னு கேப்பேன். ‘அந்தம்மா நேர்மையான பொம்பளடீ. கெடைச்சா ஒளிக்காது, காட்டிரும்’பாரு.”

நான் ஒளிக்கவில்லைதான். காட்டவும் இல்லை.

ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். டெஸ்மண்ட் வண்டியை விட்டு இறங்கி, வாசல் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். தொப்பி கையில். தூறல் தலையில் விழுந்துகொண்டிருந்தது.

“எதுக்கு நிக்கறாரு?”

“உங்கப்பாகிட்டச் சொல்ல வேண்டியத உங்ககிட்டயாச்சும் சொல்லணுமாம்.”

கிளெனிஸ் கெட்டிலில் தண்ணீர் பிடித்தாள். அலமாரியிலிருந்து மூன்று கோப்பைகளை எடுத்தாள்.

“கூட்டிட்டு வரவா?” என்றேன்.

“இருங்க” என்றாள். “கொஞ்ச நேரம் நிக்கட்டும்.”

தண்ணீர் கொதித்து அடங்கியது. இருவரும் உட்கார்ந்தே இருந்தோம்.