பொம்பிளைக் கார்

தியாகலிங்கத்தின் கார் அந்தத் தெருவில் நின்ற எல்லாக் காரையும்விட நீளம். எண்பத்து நாலாம் ஆண்டுப் புயிக். வயது பத்தைத் தாண்டியும் அந்தக் கடும் நீலத்தில் ஒரு கீறல் கிடையாது. முன்சீற் வீட்டு சோபா மாதிரி ஒரே நீட்டு. முன்னுக்கு மூன்று பேர், பின்னுக்கு மூன்று பேர், மடியில் பிள்ளைகள் என்று ஒரு குடும்பமே ஏறிவிடும். கதவைச் சாத்தினால் 'தொம்' என்று கனத்த சத்தம். ஹைவேயில் விட்டால் குண்டும் குழியும் எங்கே போனதென்றே தெரியாது. பகல் முழுக்கத் தொழிற்சாலையில் நின்று கால் வீங்கின மனிதன், அந்த வெல்வெட் சீற்றில் சாய்ந்தவுடன் ஆளே மாறிவிடுவார். பெற்றோல் குடிக்கும்தான். குடிக்கட்டும் என்பார்.

"உங்கட சின்னக் காருக்குள்ள மடங்கிக் கிடக்க நான் என்ன ரின்னில அடைச்ச மீனோ?" என்று சினேகிதரைச் சீண்டுவார்.

ஆனால் பிள்ளைகளே, அந்தக் காரைப் பற்றி ஒரு விஷயத்தை அவர் மனைவி புனிதவதிக்குக்கூடச் சொன்னதில்லை. அது செத்தவீட்டுக் கம்பனியில் ஓடின கார். விற்ற வெள்ளைக்காரன் ஒளிக்கவில்லை. "பெட்டி போவது வேறு வண்டியில். இதில் செத்தவரின் குடும்பம் மட்டும்தான் போகும். எப்போதும் மெல்லமாகவே ஓடினது, அதுதான் இப்படிப் புதிதாக இருக்கிறது" என்றான். பிணம் ஏறாத கார்தானே என்று தியாகலிங்கம் தன்னைத் தானே தேற்றிக்கொண்டார். கோயிலுக்குக் கொண்டுபோய், சில்லுக்கு எலுமிச்சங்காய் வைத்து நசித்து, ஐயரிடம் பொட்டும் வைப்பித்தார். ஐயருக்கும் சொல்லவில்லை.

நகரத்தின் ரூஜ் பகுதியில் இருந்த விநாயகமூர்த்தி அவருக்கு ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சினேகிதன். போன வருஷம் தன் மூத்த மகள் கோமளாவுக்குக் கலியாணம் வைத்தபோது, "லிங்கம், பொம்பிளையை உன்ர காரிலதான் மண்டபத்துக்குக் கொண்டுபோக வேணும்" என்றார். அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். பெருமை விடவில்லை. பொனற்றில் பூச்சரம் கட்டி, மணப்பெண்ணாய்க் கூறைச்சேலையோடு கோமளா வந்து இறங்கியபோது, வீடியோக்காரன் பொம்பிளையை விட்டுக் காரைத்தான் அதிகம் பிடித்தான். முன்சீற்றின் முதுகில் ஒரு சின்னப் பெட்டி பொருத்தியிருந்தது. எதற்கென்று ஒருவருக்கும் தெரியாது. புனிதவதி அதற்குள் குங்குமச் சிமிழை வைத்திருந்தாள்.

இந்த வருஷம் தை மாதப் பனிக்குள் தொழிற்சாலையில் கூட வேலைசெய்த நீக்கிலாப்பிள்ளை செத்துப்போனார். அவர் மனைவி பேபிக்கு இங்கே சொந்தமென்று யாருமில்லை. தியாகலிங்கம்தான் பக்கத்தில் இருந்து அடக்கம் செய்யும் சேமக்காலைக்குப் போனார். செத்தவீட்டுக் கம்பனியிலிருந்து அவர்களை ஏற்ற வந்த கார் அவருடைய காரின் கூடப்பிறப்பு. அதே வெல்வெட், முன்சீற்றின் முதுகில் அதே பெட்டி. அதற்குள் கண் துடைக்கிற ரிசுக் கடதாசி. பேபி ஒவ்வொன்றாக இழுத்து இழுத்து அழுதாள். போய்ச் சேருமுன் பெட்டி வெறுமையாகிவிட்டது. தியாகலிங்கம் தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வைகாசியில் விநாயகமூர்த்தியின் இளையவள் நிலாணிக்குக் கலியாணம். அவர் கார் கேட்கக்கூட இல்லை. லிங்கத்தின் கார் வரும் என்று எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. அந்தப் பெட்டியைக் கண்டபிறகு இன்னொரு பொம்பிளையை அதில் ஏற்றத் தியாகலிங்கத்துக்கு மனம் வரவில்லை. இன்றைக்குச் சொல்வோம், நாளைக்குச் சொல்வோம் என்று நாள் போய், கலியாண விடியலும் வந்துவிட்டது. டெலிபோனை எடுத்தார்.

"மூர்த்தி, கார் ஸ்ராட் வருதில்லையடா. வேற கார் ஒண்டு பார்."

வேறு கார் பார்ப்பார்கள் என்று நினைத்தாரே, நம்முடைய ஆட்களை அவருக்குத் தெரியாதா? கொஞ்ச நேரத்தில் வாசலில் வான் ஒன்று வந்து நின்றது. பொம்பிளையின் மாமன், கராஜ் வைத்திருக்கிற இரத்தினவேல், நின்ற காரைக் கிளப்புகிற பற்றரி வயரைத் தோளில் போட்டபடி இறங்கினான். பின்னால் பட்டு வேட்டியோடு விநாயகமூர்த்தி. அவருக்குப் பின்னால், ஏழு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு கோமளா.

"நீ ஏன் பிள்ளை வந்தனி?" என்று புனிதவதி பதறினாள்.

"தங்கச்சி அழுகிறாள், அன்ரி. அக்கா போன காரிலதான் தானும் போக வேணுமாம். ராசியான காராம்."

"திறப்பைத் தாங்கோ அண்ணை" என்று கார்ச் சாவிக்கு இரத்தினவேல் கையை நீட்டினான். "ரெண்டு நிமிசத்தில கிளப்பித் தாறன்."

தியாகலிங்கம் திறப்பைக் கொடுத்தார். இரத்தினவேல் ஏறித் திறப்பைத் திருப்பினான். நாசமாய்ப்போன கார், ஒரு இருமல்கூட இல்லாமல் பூனை மாதிரி உறுமத் தொடங்கிவிட்டது.

"அண்ணை, உதுக்கென்ன வருத்தம்? என்ர வானைவிட நல்லா நிக்குது."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். கோமளாவின் கை வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தது. சொன்னால், இனி அந்தக் குழந்தைக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் இந்தக் கார்தான் அவளுக்கு நினைவு வரும். தனக்குள் இருக்கிற பாரத்தை இறக்கிவைக்க அவளுடைய மடிதானா கிடைத்தது?

"சீற் ஊத்தையாப் போகும்" என்றார். "போனமுறை பட்ட பூக்கறை இன்னும் போகேல்லை."

இரத்தினவேல் காரை நிறுத்தி, திறப்பைக் கையில் கொடுக்காமல் பொனற்றின்மேல் வைத்தான்.

"மனமில்லையெண்டால் முந்தியே சொல்லியிருக்கலாமேடா" என்றார் விநாயகமூர்த்தி. கோபமில்லை அதில். கோபமிருந்திருந்தால் தாங்கியிருக்கலாம்.

"ஓம். சொல்லியிருக்க வேணும்" என்றார் தியாகலிங்கம். அது ஒன்றுதான் அன்றைக்கு அவர் சொன்ன உண்மை.

பொம்பிளை கராஜ் வானில் போனாள். புனிதவதியும் அவர்களோடு ஏறிவிட்டாள். "ஊத்தைச் சீற்றுக்குப் பழகின ஆள் நான்" என்று மட்டும் சொன்னாள்.

கலியாணத்துக்குப் போகாமல் விட்டால் அது இன்னும் பெரிய கதையாகிவிடும். அவர் தனியாக வந்து, காரைத் தூரத்தில் விட்டுவிட்டு மண்டபத்துக்குள் நுழைந்தார். வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்ற விநாயகமூர்த்தியை பக்கத்து ஊரான விற்பியிலிருந்து வந்த ஒருவர் மறித்துக் கேட்டுக்கொண்டிருந்தார்: "என்ன மூர்த்தி, உன்ர சினேகிதன்ர கப்பலைக் காணேல்லை?"

"பாவம், லிங்கம் விடியத் தொடக்கம் அதோட மாரடிச்சவன்" என்றார் விநாயகமூர்த்தி. "கார் பழுதாப் போச்சு. அவனுக்குத்தான் எங்களைவிடக் கவலை."

சொல்லித் திரும்பியவர் தியாகலிங்கத்தைக் கண்டார். வருகிற எல்லோருக்கும் தெளிப்பதுபோல் அவருக்கும் பன்னீர் தெளித்து, "உள்ளுக்குப் போய்ச் சாப்பிடு" என்றார்.

தியாகலிங்கம் போய் இலையின் முன் இருந்தார். சோறு வந்தது, பருப்பு வந்தது. கையை நனைக்க முடியவில்லை.