பிளாஷ் பிடித்தவர்

சக்கர நாற்காலியின் முன்சக்கரம் கேட்டுப் படியில் மாட்டிக்கொண்டது. பாச்சு பின்னாலிருந்து அமுக்கிப் பார்த்தார். நகரவில்லை.

"பேடப்பா, வேண்டாம்," என்று மகன் மாதவ் குறுக்கே வந்தான். "வெளியில பனி கொட்டறது. டாக்டர் என்ன சொன்னார்?"

"அவர் சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியாச்சு. நீ தூக்குடா," என்றாள் நாற்காலியில் இருந்த நாகலக்ஷ்மி.

மாதவ் தூக்கினான்.

அன்று சைக்கிள் ரேஸ் விஜயநகரில் அவர்கள் வீட்டு வழியாகவே வந்தது. ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நாகலக்ஷ்மியைப் பிடித்துக்கொண்ட பைத்தியம் அது. மைசூரைச் சுற்றி எங்கே ரேஸ் நடந்தாலும் பாச்சுவின் ஸ்கூட்டரில் ஏறிவிடுவாள். ஷட்டரை மெதுவாக வைத்து, பாய்ந்து வரும் சைக்கிளோடு சேர்த்துக் கேமராவையும் திருப்பி எடுப்பாள். பாச்சு பக்கத்தில் நின்று பிளாஷைத் தூக்கிப் பிடிப்பார். படத்தில் மரமும் சுவரும் வண்ணக் கோடுகளாக ஓடும். ஓட்டுபவன் முகம் மட்டும் தெளிவாக நிற்கும். பையன்களுக்கு அவள் ஆன்ட்டி. அவர் பிளாஷ் அங்கிள்.

அன்று அவள் கை கேமராவைத் தாங்கவில்லை. அதன் தலையில் பிளாஷை மாட்டி அவரிடம் நீட்டினாள்.

"நானா?"

"பின்னே? இத்தனை வருஷம் பக்கத்துல நின்னுண்டு என்னத்தைப் பார்த்தேள்?"

"உன்னைத்தான்."

"போறும். வரா, பாருங்கோ."

முதல் சுற்றில் ஒரு பின்சக்கரமும் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும்தான் படத்தில் விழுந்தன. நாகலக்ஷ்மி சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கியதும் மறுபடி சிரித்தாள்.

"கையால துரத்தாதீங்கோ. இடுப்பால திரும்புங்கோ. அவா தாண்டிப் போனப்புறமும் நிறுத்தப்படாது."

அடுத்த சுற்றில் பசவராஜ் முன்னால் வந்தான். பாச்சு இடுப்பால் திரும்பினார். வெளிச்சம் வெட்டியது. திரையைப் பார்த்தார்.

"லக்ஷ்மி! பசவராஜோட நாக்குகூடத் தெரியறது, பாரேன்!"

சைக்கிள்கள் போன பக்கமாக அவள் தலை சாய்ந்திருந்தது. அவர் குனிந்து திரையை அவள் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். மாதவ் ஓடிவந்து அவர் கையைப் பற்றும்வரை அப்படியே பிடித்திருந்தார்.

மத்தியானம் பையன்கள் ரேஸ் உடுப்போடு வந்தார்கள். கேட்டருகே ஷூவைக் கழற்றிவிட்டு, ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்கள். பாச்சு பசவராஜிடம் படத்தைக் காட்டினார். வெளியே நீட்டிய தன் நாக்கைப் பார்த்து அவன் அழுகையினூடே சிரித்துவிட்டான்.

"ஆன்ட்டி எடுத்ததா, அங்கிள்?"

"ஆமாம்," என்றார் பாச்சு.

மயானத்துக்கு வண்டி கிளம்பியபோது சைக்கிள்கள் பின்னால் வரிசையாக வந்தன. வண்டி ஊர்ந்தது. அவ்வளவு மெதுவாக ஓட்டிப் பழகாத பையன்கள் ஹேண்டில்பாரை இப்படியும் அப்படியும் ஒடித்துத் தள்ளாடினார்கள். ஒருவன் காலை ஊன்றிவிட்டான்.

நாகலக்ஷ்மியின் அருகில் உட்கார்ந்திருந்த பாச்சு பின்கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு டிரைவர் பக்கம் குனிந்தார்.

"ஸ்வல்ப வேகமா போப்பா. பசங்க விழுந்துடப் போறா."

வண்டி வேகம் பிடித்தது. பின்னால் சைக்கிள்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன.