சிவந்த தங்கத் தண்ணி

தனக்கோடி பெல்ட்டை வீசியதில் அதன் பித்தளைக் கொக்கி வீரனின் காதைக் கிழித்தது. அதற்கு முன்பே அவன் வலது கையில் இரண்டு விரல்கள் ஒடிந்திருந்தன. ஜரிகைப் பட்டறையின் நடுத்தூணோடு அவனைக் கட்டியிருந்தார்கள்.

"எத்தினி தபாடா கேக்கறது? தங்கத் தண்ணிய எவன்கிட்ட குடுத்த?" என்றார் முதலாளி சக்கரவர்த்தி.

"குடுக்கல மொதலாளி. இதான் அது. ராத்திரியே செவந்துபூட்டு கீது. அம்மாதான் குண்டான்ல ஊத்தச் சொன்னாங்க."

"வூட்டுப் பொம்பளைய இழுக்கறியா?" முதலாளி வீரன் வாயிலேயே குத்தினார்.

வெள்ளிக் கம்பிக்கு முலாம் பூசுவதற்காகத் தங்கத்தை ஆசிட்டில் கரைத்துக் கண்ணாடி ஜாடியில் வைத்திருப்போம். பார்க்க எலுமிச்சைச் சாறு மாதிரி இருக்கும். ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் இருந்தது. ஜாடிகளைக் கழுவிச் சந்தனம் வைக்க வேண்டுமென்று முதலாளியின் மனைவி ராஜம்மாள் வீட்டிலிருந்து ஈயம் பூசிய பித்தளைக் குண்டானைக் கொண்டுவந்து, தங்கத் தண்ணியை அதில் மாற்றச் சொன்னார். வீரன் மாற்றினான். விடிந்து பார்த்தால் குண்டானில் நாவல்பழச் சாறு.

ஆரணியில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் பட்டுக்குச் சாயம் போடுகிறார்கள். சிவந்த தண்ணீரைப் பார்த்த முதலாளிக்கு வேறு என்ன தோன்றும்? தங்கத்தை விற்றுவிட்டுச் சாயத்தை ஊற்றி வைத்திருக்கிறான் என்றுதான் நினைத்தார்.

நான் அங்கே பகலில் கம்பி எடை பார்ப்பவன். மாலையில் ரசாயன வகுப்புக்குப் போகிறவன். தங்கம் மிக நுண்ணிய துகளாகப் பிரிந்தால் மஞ்சளாக இருக்காது, சிவக்கும் என்று வாத்தியார் ஒருநாள் சொல்லியிருந்தார். ஈயம் பட்டால் அப்படிப் பிரியும் என்றாரா, வேறு எதையாவது சொன்னாரா என்பது எனக்கு உறுதியாக நினைவில்லை. அதனால்தான் அவன் விரல்கள் ஒடியும்வரை வாயைத் திறக்காமல் நின்றேன்.

தனக்கோடி முதலாளியின் மச்சினன். பீங்கான் தொட்டியில் ஆசிட்டை ஊற்றித் தூணருகே இழுத்து வந்தான். "கைய முக்குடா. வாய் தானா பேசும்."

"மொதலாளி, அது சாயமா இல்லியான்னு பாத்துடலாங்க" என்றேன்.

"வந்துட்டாருடா காலேஜி! நீயும் கூட்டா?" தனக்கோடியின் முழங்கை என் மூக்கில் இறங்கியது. சட்டையில் ரத்தம் சொட்டியது.

"செய்யட்டும்டா" என்றார் முதலாளி. "சாயம்னா இவன் கையையும் சேர்த்து முக்கு."

இரண்டு கண்ணாடித் துண்டுகள் எடுத்தேன். ஒன்றில் குண்டான் தண்ணீர், மற்றதில் பக்கத்துப் பட்டறைச் சிவப்புச் சாயம். மெல்லிய பூச்சாகத் தடவிக் கரி அடுப்பின்மேல் காட்டினேன். அவசரத்தில் இரண்டும் வெடித்தன. தனக்கோடி சிரித்துக்கொண்டே கட்டைத் தளர்த்தி வீரனின் மணிக்கட்டைத் தொட்டியின் விளிம்புக்கு இழுத்தான். வீரன் என் கைகளையே பார்த்தான்.

மறுபடியும் தடவி, இந்த முறை தள்ளிப் பிடித்து மெதுவாகச் சூடேற்றினேன். சாயம் கருகிப் புகைந்து, ஊதினால் பறக்கும் கரியாயிற்று. மற்ற பூச்சு அப்படியே இருந்தது. வாசல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கெம்புச் சிவப்பு. முதலாளியின் கறுப்புக் குடைமேல் வைத்தபோது மங்கிய பொன்னாக மினுங்கியது.

"துகள் அவ்ளோ சின்னதுங்க. வெளிச்சம் பூந்து வந்தா செவப்பு, பட்டுத் திரும்புனா மஞ்சா. தங்கம் உள்ளதான் கீது... நெனைக்கிறேன்."

"நெனைக்கிறியா?"

முதலாளி குண்டானைச் சாய்த்துப் பார்த்தார். உள்ளே ஈயம் அரித்துப் போய்ப் பித்தளை தெரிந்தது. யார் வீட்டுக் குண்டான் என்பது அவருக்கும் தெரியும். அதைக் கீழே வைத்தார். வீரனைப் பார்க்காமலே சொன்னார்: "அவுத்து வுடு. நாளைக்குப் பூஜை கீது, மூஞ்ச கழுவிகினு வேலையப் பாருடா."

தனக்கோடிக்கு மனசில்லை. அவிழ்க்கும்போதே முழங்காலால் ஓர் இடி இடித்தான்.

வீரன் சுவரைப் பிடித்து நிமிர்ந்தான். தொங்கிய விரல்களை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு என்னைக் கேட்டான்.

"அப்ப இது தங்கந்தானா?"

"தங்கந்தான்" என்றேன்.

ஒரே உதை. குண்டான் உருண்டு, சிவப்புத் தண்ணி சிமென்ட் தரையெங்கும் பரவிச் சாக்கடைத் துவாரத்தை நோக்கி ஓடியது. தனக்கோடி பெல்ட்டை ஓங்கினான்.

"அவன வுடுடா! துணி கொண்டாடா, ஜல்தி!" என்று கத்திய முதலாளி தரையில் விழுந்து, வேட்டியாலும் வெறுங்கையாலும் அணை கட்டினார். ஆசிட் அவர் உள்ளங்கைகளைத் தின்றது. அவர் கையை எடுக்கவில்லை. தனக்கோடி சட்டையைக் கழற்றித் துவாரத்தில் அடைத்தான்.

வீரன் அவர்களைத் தாண்டி வாசலுக்குப் போனான். நான் அவன் பின்னாலேயே நடந்தேன்.