எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி

பிரசங்கத்தின் நடுவில் போதகர் "எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி" என்று ஆரம்பித்ததும், சபையார் அத்தனை பேரும் இடப்பக்க இரண்டாவது வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே அவருடைய மனைவி உட்கார்ந்திருந்தார். வேறெந்தச் சகோதரியையும் போதகருக்கு இவ்வளவு நன்றாகத் தெரிந்திருக்க நியாயமில்லை என்பது சபையின் கணிப்பு.

"அந்தச் சகோதரி என்னிடம் சொன்னார், இந்த வருஷம் கிறிஸ்துமஸ் வராமலே இருந்தால் நல்லா இருக்கும் என்று."

இங்கே போதகர் கொஞ்சம் நிறுத்தினார். நிறுத்துவதில் அவர் கெட்டிக்காரர். அந்த அமைதியில் யாரோ "அச்சச்சோ" என்றார்கள்.

"ஏன் அப்படிச் சொன்னார்? வேலை! வீட்டைச் சுத்தம் பண்ணணும், திரைச்சீலை மாத்தணும், கேக் போடணும், துணி தைக்கணும். பிறந்தநாள் வேலையில பிறந்தவரையே மறந்துட்டோம், அன்பானவர்களே!"

பின்வரிசைகளில் கைக்குட்டைகள் வெளியே வந்தன. நல்ல பிரசங்கம்தான். பாதி பொய் என்பதைத் தவிர அதில் சொல்லிக்கொள்கிற மாதிரி குறை எதுவும் இல்லை.

போதகரம்மா அதைச் சொன்னது அதற்கு முந்தின வாரத்தின் நடுவில், கணவருடைய வெள்ளை அங்கிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது. "இந்த வருஷம் கிறிஸ்துமஸ் வராமலே இருந்தா நல்லா இருக்கும்ங்க. மத்த வீட்லல்லாம் அன்னைக்கு அப்பா வீட்ல இருப்பாரு. நம்ம வீட்ல அன்னைக்குத்தான் இருக்க மாட்டாரு." போதகர் "ம்" என்றார். பிரசங்கத்துக்கு உதாரணம் கிடைக்காமல் அல்லாடிக்கொண்டிருந்தவருக்கு முதல் வாக்கியம் தானாக வந்து மடியில் விழுந்தது. அந்தச் சந்தோஷத்தில் மற்றது காதில் ஏறவில்லை என்று சொல்லலாம். சொன்னால் அதுவும் பொய். எல்லாம் காதில் ஏறியது. தாளில் எழுதும்போது முதல் வாக்கியத்தோடு முற்றுப்புள்ளி வைத்துவிட்டார், அவ்வளவுதான்.

ஆராதனை முடிந்ததும் பெண்கள் ஐக்கியச் செயலாளர் வாசலிலேயே போதகரம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "அழுதுடுங்க பாஸ்டரம்மா. அடக்கி வைக்காதீங்க. உங்களுக்காக ஒரு உபவாச ஜெபம் வெச்சிடலாம்."

"யாரு உபவாசம் இருக்கணும், நானா?" என்றார் போதகரம்மா.

வீட்டில் சாப்பாட்டு மேஜையில், கல்லூரிக்குப் போகும் மகள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அப்பா, அம்மாவுக்கு எவ்வளவு தரப்போறீங்க?"

"எதுக்குடி?"

"வசனம் அவங்களோடது. நடிப்பு மட்டும்தான் உங்களோடது."

போதகர் மனைவியைப் பார்த்தார். "என்னம்மா, ஒரு மாதிரி இருக்கே?"

"கர்த்தருடைய கிருபையால நல்லா இருக்கேங்க."

போதகர் கையில் இருந்த கவளம் அப்படியே நின்றது. சபை வாசலில் கை குலுக்குகிறவர்களுக்கு மனைவி கொடுக்கும் பதில் அது. இத்தனை வருஷத்தில் வீட்டுக்குள் அதை அவர் கேட்டதே இல்லை.

அன்றிலிருந்து போதகரம்மா பீடத்திலிருந்து சத்தமாக வாசித்தாலும் பாதகமில்லாத விஷயங்களை மட்டுமே பேசினார். தண்ணீர் வந்துவிட்டது. பாடகர் குழு ஒத்திகைக்கு நேரமாகிவிட்டது. சண்டை இல்லை, முகம் தூக்கல் இல்லை. போதகர் ஏதாவது கிளறிப் பார்த்தால், "எல்லாம் ஆசீர்வாதமா இருக்கு" என்று கதவைச் சாத்தினார். போதகருக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியாவது பார்த்திருப்பார். கிருபையோடு எப்படி மல்லுக்கட்டுவது?

நடுவாரத்தில் பெண்கள் ஐக்கியம் துடைப்பங்களோடு வந்து இறங்கியது. போதகரம்மாவின் பாரத்தைக் குறைக்க வந்தவர்கள், திரைச்சீலைகளை எல்லாம் கழற்றி நனைத்துப் போட்டார்கள், அலமாரியைப் பெயர்த்து நடுக்கூடத்தில் வைத்தார்கள், களைத்துப்போய் டீ கேட்டார்கள். போதகரம்மா டீ போட்டார். இன்னொரு சுற்றும் போட்டார். அவர்கள் போனதும் மகளோடு சேர்ந்து அலமாரியை மறுபடி சுவரோரம் தள்ளினார்.

கிளம்பும்போது வாசலில் செயலாளர் போதகரின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க மட்டும் சொல்லலைன்னா பாஸ்டர், பாவம் அவங்க கஷ்டம் எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது."

"ஆமாம்" என்றார் போதகர். வேறென்ன சொல்ல முடியும்?

அன்று மாலை சீரியல் பல்புகளின் சிக்கை எடுத்துக்கொண்டிருந்த மகளிடம் போய் உட்கார்ந்தார்.

"வர்ற ஞாயித்துக்கிழமை பீடத்துல நின்னே மன்னிப்புக் கேட்டுடலாம்னு இருக்கேன்."

"எப்படி ஆரம்பிப்பீங்க?"

"எனக்குத் தெரிந்த ஒரு கணவர்..."

"அப்பா."

"சரி, நேராவே சொல்லிடறேன். என் மனைவி சொன்னதுல மீதியை நான் மறைச்சிட்டேன்னு."

"சொன்னதும் ஜனங்க எந்தப் பக்கம் திரும்புவாங்க?"

போதகர் யோசித்தார். "இரண்டாவது வரிசை."

"அப்புறம் எவ்வளவு தாழ்மையான பாஸ்டர்னு கைக்குட்டையை எடுப்பாங்க. பேரு உங்களுக்கு, துடைப்பம் அம்மாவுக்கு. இந்த முனையைப் பிடிங்க."

போதகர் பிடித்தார். மகள் சொன்னதைவிட அவரை உறுத்தியது வேறு. பீடத்தில் மன்னிப்புக் கேட்டால் எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்றுகூட அவர் மனதில் குறித்து வைத்திருந்தார்.

அந்த ஞாயிறு அவருடைய பிரசங்கத்தில் சகோதரி இல்லை, சகோதரன் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர்கூட இல்லை. விளக்கம் இருந்தது, அதற்கு விளக்கம் இருந்தது. சபைப் பொருளாளர் வாயைத் திறந்தபடி தூங்கினார். சபையார் வழக்கப்படி இரண்டாவது வரிசையை எட்டிப் பார்த்து ஏமாந்தார்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போதகரம்மா தேவதை வேஷப் பிள்ளைகளுக்கான இறக்கைகளைக் கூடத்தில் பரப்பித் தைத்துக்கொண்டிருந்தார். போதகர் எதிரில் உட்கார்ந்து ஒரு இறக்கையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னைக்கு நீ சொன்ன மீதியும் எனக்குக் கேட்டுச்சு."

"தெரியும். 'ம்'னீங்களே." ஊசியில் நூல் கோத்தார். "கேக்கலைன்னா அன்னைக்கே சண்டை போட்டு முடிச்சிருப்பேன். கேட்டுட்டு வெட்டுனீங்க பாருங்க, அதுக்கு என்ன சண்டை போடறதுன்னு எனக்குத் தெரியல."

போதகர் இறக்கையிலிருந்து ஒரு கையை எடுத்தார். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். பண்டிகை அன்று மதிய விருந்து செயலாளர் வீட்டில், எப்போதோ ஒத்துக்கொண்டது.

"என்ன காரணம் சொல்வீங்க?" என்றார் போதகரம்மா, தலையைத் தூக்காமல். "உடம்பு சரியில்லைன்னா பொய். வீட்ல கூப்பிடறாங்கன்னா மறுபடியும் நான்."

மறுமுனையில் எடுத்துவிட்டார்கள். "சகோதரி, அன்னைக்கு மதியம் நான் வரலைங்க. இல்லை, அவங்க நல்லா இருக்காங்க. ஜெபம்லாம் வேண்டாம்ங்க. அவங்க ஒண்ணுமே சொல்லல. எனக்குத்தான் வீட்ல இருக்கணும் போல இருக்கு. ஆமாம், எனக்குத்தான். இல்லைங்க, அப்புறமாவும் வரலை." மறுமுனையின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. மேய்ப்பன் வீட்டில் உட்கார்ந்துகொண்டால் ஆடுகள் எங்கே போகும் என்பது அதன் சாரம். போதகர் "மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு வைத்தார். காது சிவந்திருந்தது.

போதகரம்மா இன்னும் கொஞ்சம் தைத்தார். பிறகு, இறக்கையிடம் சொல்வதுபோல, மெதுவாகப் பேச ஆரம்பித்தார்.

"போன வருஷம் தட்டெல்லாம் எடுத்து வெச்சேன். இப்ப வந்துடுவாரு, இப்ப வந்துடுவாருன்னு புதுப் புடவையைக்கூட மாத்தல. வாசல்ல ஒவ்வொரு வண்டி நிக்கும்போதும் எழுந்து எழுந்து போனேன். கடைசியில சாப்பாட்டை மூடி வெச்சிட்டு..."

போதகர் கேட்டுக்கொண்டிருந்தார். உண்மையாகவே கேட்டுக்கொண்டிருந்தார். அதே நேரத்தில் அவர் தலைக்குள்ளே, யாரும் கூப்பிடாமல், 'காத்திருத்தல்: மூன்று வகை' என்று ஒரு பிரசங்கத் தலைப்பு வந்து கொட்டை எழுத்தில் நின்றது. முதல் வகையும் வந்துவிட்டது.

போதகரம்மா நிமிர்ந்து பார்த்தார். "என்ன?"

ஒண்ணுமில்லை என்று சொல்லிவிடலாம். வாய்வரைக்கும் வந்தது.

"தலைப்பு வந்துடுச்சும்மா" என்றார் போதகர்.

போதகரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"எழுதிக்கப் போறீங்களா?"

"மாட்டேன்."

"மறந்துடுவீங்களா?"

"அது முடியும்னு தோணல."

"அப்ப உள்ளேயே வெச்சுக்கிட்டுக் கஷ்டப்படுங்க" என்ற போதகரம்மா, இறக்கையை அவர் கையில் சரியாகத் திருப்பி வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து சொல்லத் தொடங்கினார்.