கட்லா விழாத போட்டோ

என் வீட்டுக்காரர் பூபாலனுக்கு மீன்பிடிப் பைத்தியம். ரீல் வைத்த தூண்டில் வாங்கி ஒரு வருஷமாகியும் ஒரு மீன்கூட மாட்டவில்லை. எங்கள் மலைக்கிராமமான புதூர்நாட்டில் அவரைக் கிண்டல் பண்ணுவதில் நான்தான் முதல் ஆள். கடைசியில் என் தம்பி அருண்ராஜ் பந்தயமே கட்டிவிட்டான். இந்த ஞாயிற்றுக்கிழமை மீன் பிடித்ததற்கு அத்தாட்சி காட்டாவிட்டால் தூண்டில் அவனுக்கு. ஞாயிறு காலையில் மனுசன் தூண்டிலைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டினார். எனக்கே பாவமாகிவிட்டது.

அடிவாரத்து அணை, குடிதண்ணீர் அணை. வலை போடக்கூடாது. தூண்டிலில் மாட்டினாலும் திரும்ப விட்டுவிட வேண்டும். தின்ன முடியாத மீனுக்கு இத்தனை பாடா என்று திட்டிக்கொண்டேதான் கூடப் போனேன்.

திருப்பத்தூரில் வாங்கிய வாசனை மாவை எந்த மீனும் சீந்தவில்லை. மத்தியானம் தூக்குவாளியைத் திறந்தேன். கேழ்வரகுக் களி ஆறிக் கெட்டியாகியிருந்தது.

"இன்னாங்க, மீனும் நம்ம ஊரு மீன்தானே? இத்த வச்சிப் பாருங்க" என்று ஒரு உருண்டையை நீட்டினேன். கேலிக்குத்தான்.

அதையும் வைத்தார். கொஞ்ச நேரத்தில் தூண்டில் வளைந்தது, ரீல் கத்தியது. சேற்றில் மண்டிபோட்டு இழுத்துக் கரைசேர்த்தார். கட்லா! எங்கள் வீட்டு முறத்துக்கு அடங்காது.

"போட்டோ எடு ஷோபனா! சீக்கிரம், அதுக்கு மூச்சு முட்டுது!"

மீனைப் பார்த்தபடியே போனை அமுக்கித் தள்ளினேன். அவர் அதைப் பதமாகத் தண்ணீரில் விட்டார். ஒரே உதறலில் போய்விட்டது.

அப்புறம்தான் போட்டோவைப் பார்த்தோம். எல்லாவற்றிலும் நான்! காலையில் ஜீப்பில் வரும்போது செல்ஃபி எடுத்தவள் கேமராவைத் திருப்பவே இல்லை.

"பரவால்ல வுடு. நாம பாத்தோமில்ல" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஊரில் ஜீப் நிற்கும் இடத்திலேயே தம்பி காத்திருந்தான். அவர் தூண்டிலை நீட்டினார்.

"டேய், சத்தியமா புடிச்சாருடா!" என்றேன்.

"புருசனுக்கு நீ சாட்சியா? போனைக் குடு" என்று பிடுங்கிப் பார்த்தான். முழி பிதுங்கி, வாய் பிளந்து, நெற்றியில் களியோடு நான். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"தாலி கட்டும்போதே கொட்டாவி வுட்டவ எங்கக்கா. அவளே இப்டி வாயப் பொளந்திருக்கான்னா, அது சின்ன மீனா இருக்காது. தூண்டில நீங்களே வச்சிக்கங்க மாமா!"

அந்தப் போட்டோதான் இப்போது பூபாலனின் போன் முகப்பில் இருக்கிறது. யார் கேட்டாலும் எடுத்துக் காட்டுகிறார்:

"பாருங்க, நான் புடிச்ச கட்லா."